தபால் அத்தையின் நாற்பது நொடி

எங்கள் அத்தையைத் தெருவில் எல்லோரும் ‘தபால்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் வேலை பார்த்தது சட்டைக் கம்பெனியில். முப்பது வருஷம் காஜா மிஷினில் உட்கார்ந்து, பொத்தான் நுழைய ஓட்டை போட்டுத் தள்ளியவள். பட்டப்பெயர் வந்த கதை வேறு. எட்டு வயதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் நடித்திருக்கிறாள். நடிக்க வேண்டிய பிள்ளைக்குக் காய்ச்சல் என்று, ஸ்டூடியோ வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஓடிவந்து, “அக்கா, தபால்!” என்று கடிதத்தை நீட்ட வேண்டும். நாற்பது நொடிதான். செத்துப்போனதாக நினைத்த கணவன் சாயங்கால ரயிலில் வருகிறான் என்று அதில் எழுதியிருக்கும். கதாநாயகி செருப்புகூடப் போடாமல் ஸ்டேஷனுக்கு ஓடுவாள்.

அத்தையின் சிறுவயது முகம் வேறெங்கும் கிடையாது. அப்போது போட்டோ எடுக்க வீட்டில் வசதி இல்லை. பழைய படம் போடும் கேபிள் சேனல் ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மதியம், இதைப் போடும். அன்று அத்தை தலைவாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு தடவை கதாநாயகி ஜன்னலோரம் அழுதுகொண்டிருந்தாள். பற்பசை, பெயின்ட், மறுபடி பற்பசை என்று விளம்பரம் ஓடியது. முடிந்து பார்த்தால் அவள் ஸ்டேஷனில் நிற்கிறாள்.

“எங்கடா நான்?” என்றாள் அத்தை.

மறுநாள் இருவரும் சேனல் ஆபீசுக்குப் போனோம். எந்தப் படம் எப்போது என்று அட்டவணை போடும் அதிகாரி உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

“ரெண்டரை மணி நேரத்துல முடிக்கணும்மா. இப்ப விளம்பரம் வேற ஜாஸ்தி. கதைக்குத் தேவையில்லாத சீன்களாப் பாத்துதான் எடுத்தோம்.”

“லெட்டர் வராம அவ எப்படிப்பா ஸ்டேஷனுக்குப் போனா? கனவு கண்டாளா?”

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். “இதுவரைக்கும் யாரும் கேக்கலையேம்மா.”

“நான் கேக்குறேனே. நான் யாரும் இல்லையா?”

முழுப் படத்தையாவது கொடுங்கள் என்றேன். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. போன தடவை வெட்டியதையே எடுத்து, இன்னும் கொஞ்சம் வெட்டி, பழையதன் மேலேயே பதிந்துவிடுவார்களாம். முழுசு அவர்களிடமே இல்லை. படம் எடுத்த கம்பெனியும் எப்போதோ மூடியாயிற்று. படித்தவர்கள் செய்கிற காரியமா இது?

அத்தை எழுந்துகொண்டாள். “ஒரு காஜா தப்பா வெட்டினா சட்டையே போச்சுப்பா. நாங்க ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் வெட்டுவோம். நீங்க ஒரு தடவகூடப் பாக்கல.”

அடுத்த மாதமே அந்தப் படத்தைத் திரும்பப் போட்டார்கள். நீளம் குறைந்ததும் எங்கே வேண்டுமானாலும் செருகலாம் அல்லவா! நான் டிவியை அணைக்கப் போனேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டாள். கதாநாயகி அழுதாள், விளம்பரம் வந்தது. அத்தை எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றாள். கடைசிப் பற்பசையும் முடிகிற நேரம் பார்த்துக் கையை நீட்டி, “அக்கா, தபால்!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

கதாநாயகி ஸ்டேஷனில் நின்றாள்.

“நான் சொல்லாம போயிடுவாளா?” என்றாள் அத்தை.