ஜீப்காரர் மகளின் பேச்சு

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் ஆள் ஏற்றி ஜீப் ஓட்டும் தேவராஜுக்கு, மகள் ஆனந்தி மேடையேறப் போகிறாள் என்பதே பெரும் பெருமையாக இருந்தது. மலை மக்களுக்கு முக்கியமான ஒன்றைப் பற்றி ஊரார் முன்னால் பேச வேண்டும் என்று பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

"இன்னா பேசப் போற?" என்று அவர் கேட்டபோதெல்லாம், "வந்து கேளுப்பா" என்று மட்டும் சொன்னாள்.

பேச்சு நாளன்று சவாரியை விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

"எங்கள் ஊருக்கு பஸ் வேண்டும்," என்று ஆனந்தி தொடங்கினாள். "ஜீப்பில் ஆட்களைப் புளிமூட்டை போல அடைக்கிறார்கள். போன மழையில் குப்பம்மாள் அத்தை பின்னால் தொங்கிக்கொண்டு வந்து வளைவில் விழுந்தார். இன்றும் அவரால் சரியாக நடக்க முடியவில்லை."

யாருடைய ஜீப் என்று அவள் சொல்லவில்லை. கூட்டம் முழுவதும் தேவராஜைத் திரும்பிப் பார்த்தது. கைதட்டல் ஓய்வதற்குள் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு ஜீப்பருகே வந்த மகளிடம், "வூட்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. இப்படி ஊர் நடுவுல என் கழுத்த அறுத்துட்டியே" என்றார்.

"சொன்னா பேச வுட்ருப்பியாப்பா?"

அவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். திரும்பும்போது ஜீப்பின் பின்னால் யாரையும் தொங்க விடவில்லை, மகளோடும் பேசவில்லை.

அவள் பேச்சைக் கேட்ட ஊரார் மனு கொடுக்க, அடுத்த ஆண்டு முதல் தினமும் காலையில் ஒரு பஸ் வரத் தொடங்கியது. ஆனந்தி அதில்தான் பள்ளிக்குப் போகிறாள். பஸ் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், "கவர்மென்ட் வுட்டுச்சு" என்பார் தேவராஜ். மகள் பெயரை எடுப்பதே இல்லை.