அவனைக் கேட்டுப் பாருங்க

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த வாரம் நடந்தது இது. கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருக்கும் நான், மலேசியாவில் ஒரு துறைமுகத்தின் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

கப்பலில் போகும் அளவுக்கு நான் பெரிய பணக்காரன் இல்லை. பூச்சிமருந்து கம்பெனி ஒன்று, சொன்ன அளவுக்கு மேல் விற்ற கடைக்காரர்களை மனைவியோடு சிங்கப்பூர் அழைத்துப்போய், அங்கிருந்து நான்கு நாள் கப்பலில் சுற்றிக் காட்டியது. டிக்கெட் வந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். அப்படித்தான் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கு உரம் வாங்க வரும் ஓர் அம்மாவுக்கும் தெரிந்தது.

அவருடைய மகன் மலேசியாவில் மரச்சாமான் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான். அவன் போனதில் எனக்கும் பங்கு உண்டு. பாஸ்போர்ட்டுக்கு என் கடைக் கம்ப்யூட்டரில்தான் பதிந்தோம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டைப் பற்றிக் கேட்டபோது, நல்ல ஆள்தான், நம்பிப் போ என்று சொன்னவனும் நான்தான். அந்த ஆளோடு எனக்கு இருந்த பழக்கம், எதிர் டீக்கடையில் சேர்ந்து டீ குடித்த பழக்கம். அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முதல் நாள் அந்த அம்மா மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து ஒரு கட்டைப்பையைக் கொடுத்தார். உள்ளே சாமை மாவில் சுட்ட அதிரசம்.

"எம்புள்ள மூஞ்சியப் பாத்து நாலு வருசம் ஆவுதுண்ணா. போன்ல நல்லாத்தான் இருக்கேங்கறான். நீங்க கிட்டப் போயி பாத்துக்கினு வந்து சொல்லுங்க. இத அவன் கையில குடுத்துடுங்க."

அதற்கென்ன, ஜம்மென்று கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். அன்றிரவே அவனுக்குப் போன் செய்து, கப்பல் வரும் நாளைச் சொல்லித் துறைமுக வாசலுக்கு வரச் சொன்னேன்.

கப்பலில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஏடிஎம் கார்டு மாதிரி ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். கரைக்குப் போக அந்த அட்டையும் பாஸ்போர்ட் நகலும் கையில் இருக்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னார்கள். மலேசியா வந்த காலையில் மனைவி மற்றவர்களோடு பஸ்ஸில் கடைவீதிக்குக் கிளம்பினாள். உங்கள் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் கைப்பையைத் திறந்தாள். ஒரு காகிதத்துக்கு இவ்வளவு அலட்டலா, அட்டை போதும் போ என்று அனுப்பிவிட்டேன்.

போதவில்லை. கப்பலிலிருந்து இறங்கிவிட்டேன். ஆனால் துறைமுக வாசலில் நிறுத்திவிட்டார்கள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், இருபதடி தூரத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். முதல் பார்வைக்கு அடையாளம் தெரியவில்லை. பாதி ஆள் ஆகியிருந்தான். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். நான் பையைத் தூக்கிக் காட்டினேன்.

வாசலில் இருந்த அதிகாரிகளில் ஒருவர் தமிழர். மரியாதையாகத்தான் பேசினார். கொஞ்ச நேரம் உட்காருங்கள், கப்பலுக்குப் போன் செய்து சரிபார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார். உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பையையாவது அவரிடமே கொடுத்து அனுப்பியிருக்கலாம். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு ஏறியது கோபம் மட்டும்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நான் நடந்தால் நாலு பேர் கும்பிடுவார்கள். என்னைப் போய் யார் என்று கேட்பதா?

ஊரில் நம்மை யாராவது சந்தேகப்பட்டால் என்ன செய்வோம்? பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவரைக் காட்டுவோம். பேங்கிலும் அப்படித்தான், தாலுகா ஆபீசிலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் நானும் கையை நீட்டினேன்.

"நான் யாருன்னு தெரியணுமா? அதோ நிக்கிறான் பாருங்க, எங்க ஊரு ஆளு. அவனைக் கேட்டுப் பாருங்க."

எட்டூருக்குக் கேட்கிற குரல் எனக்கு. அதிகாரிகள் இருவரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தடுப்பைத் தாண்டி அவனிடம் போனார். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய பாஸ்போர்ட்டைக் கேட்டார். அவன் சட்டைப்பையைத் தொட்டான், பேண்ட் பையைத் தொட்டான். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தான். அடுத்த நிமிடம் திரும்பி, டாக்சிகளுக்கு நடுவில் ஓடிவிட்டான். தொப்பி கீழே கிடந்தது.

கால் மணி நேரத்தில் கப்பலிலிருந்து பதில் வந்தது. நீங்கள் போகலாம் ஐயா என்றார் அந்தத் தமிழ் அதிகாரி. போய் யாரைப் பார்ப்பது? மத்தியானம் வரைக்கும் அந்த ரோட்டில் பையும் கையுமாக அலைந்தேன். அவன் போன் அணைந்தே கிடந்தது.

அன்று சாயங்காலம் கூட வந்த கடைக்காரர்கள் என் அறைக்கு வந்து பையைப் பிரித்தார்கள். நம்ம ஊர் அதிரசமா என்று ஆசையாக எடுத்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். நானும் ஒன்றை எடுத்துத் தின்றேன்.

சிங்கப்பூர் வந்த பிறகுதான் போனில் அவன் குரல் பதிவு வந்தது. "கோச்சிக்காதீங்கண்ணா. பாஸ்போர்ட்ட மொத மாசமே மொதலாளி வாங்கி வச்சிக்கினாரு. கேட்டா இன்னிக்கி நாளைக்கிங்கறாரு. அம்மாவுக்கு இது தெரியாது, சொல்லிடாதீங்க."

என்னிடம் ஒரு நகல் இல்லாததற்கு அந்தக் குதி குதித்தேன். அவன் நாலு வருடமாகப் பாஸ்போர்ட்டே இல்லாமல் வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறான். எனக்காகத்தான் துணிந்து வெளியே வந்திருக்கிறான்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அந்த அம்மா கடைக்கு வந்தார். பார்த்தேன், பையைக் கொடுத்தேன், எதிரிலேயே நின்று நாலு அதிரசம் சாப்பிட்டான் என்றேன். ஆள் நன்றாக இருக்கிறான் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"லீவு கெடைக்கல, ஒங்களப் பாக்கவே வர்லன்னு அவன் சொன்னான். நீங்க இப்படிச் சொல்றீங்க. ரெண்டு பேருமா சேந்து எங்கிட்ட இன்னாத்த மறைக்கிறீங்க?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவன் சொல்லாதே என்று கேட்டதையும் மீறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் கை நீட்டியதைச் சொன்னேன். அதிரசத்தைத் தின்றதையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அழவும் இல்லை. காலிப் பையை மட்டும் கேட்டு வாங்கி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, உரம் வாங்காமல் போய்விட்டார்.

பிறகு நானே தேடிப்போய், மகனை மீட்டுத் தரச் சொல்லி அவர் பெயரில் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதினேன். மனுவோடு வைக்க அவன் பாஸ்போர்ட் நகல் வேண்டும் என்றார்கள். ஏஜெண்டுக்கு அனுப்ப அன்று ஸ்கேன் செய்தது என் கடைக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. போட்டோவில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, கன்னம் நிறைய அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பிரிண்ட் எடுத்து மனுவோடு வைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஏஜெண்ட் ஊரிலேயே இல்லை. மனுவுக்கு மேல் மனு போய்க்கொண்டிருக்கிறது. அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அந்த அம்மா இப்போது எதிர்க் கடையில்தான் உரம் வாங்குகிறார். பஸ்ஸுக்கு நிற்கும்போது என் கடைப் பக்கம் திரும்புவதில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெடவில்லை, அவன் கெட்டான். இப்போதெல்லாம் எங்கே யார் அடையாள அட்டை கேட்டாலும் பேசாமல் எடுத்து நீட்டிவிடுகிறேன். அப்படி நீட்டும் ஒவ்வொரு முறையும், சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தானே, அந்த முகம்தான் கண்முன் வருகிறது.