நாலு விரல் இடைவெளி

எங்க பழைய பிக்கப்புல எவ்வளவு கல்லு ஏத்தலாம்னு எந்த எடைமேடையும் எனக்குச் சொன்னதில்ல. என் பொண்டாட்டியோட வலது கைதான் சொல்லும். பின் டயருக்கும் அதுக்கு மேல இருக்கிற தொட்டித் தகரத்துக்கும் நடுவுல நாலு விரலைச் சேர்த்து விடுவா. தாராளமாப் போனா இன்னும் ஏத்தலாம், உரசுனா போதும். பாடாலூர்ப் பக்கம் குவாரியில கல்லு ஏத்துற எல்லாருக்கும் இதே அளவுதான்.

அரியலூர் தனி மாவட்டமாகி மறுபடியும் பெரம்பலூரோட சேர்ந்துச்சே, அந்தச் சமயம். வண்டித் தொட்டியோட வலது பக்கம் துருப்பிடிச்சு ஓட்டை. அதனால பெரிய கல்லெல்லாம் இடது பக்கமே குவிப்போம். நாளாவட்டத்துல இடது பக்க ஸ்பிரிங் படுத்துப்போயி, வண்டி நொண்டுற மாதிரி ஆயிடுச்சு.

அடுக்கடுக்கா இரும்புப் பட்டை வச்சுக் கட்டினதுதான் அந்த ஸ்பிரிங். கூட ரெண்டு பட்டை சேர்த்துக் கட்டினா நிமிர்ந்துடும்னு, அரியலூர் பழைய இரும்புக் கடையில லாரிப் பட்டை ரெண்டு வாங்கிட்டுப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் நிதானமான ஆளு. லாரிப் பட்டையோட வளைவு வேற, உன் வண்டியோட வளைவு வேற, சூடு காட்டாம சுத்தியலால தட்டித்தான் வளைக்கணும், ரெண்டு பக்கமும் சமமாக் கட்டணும், ரெண்டு நாள் ஆகும்னாரு. நமக்குத்தான் பொறுமைன்னா கிலோ என்ன விலைன்னு கேக்குற புத்தியாச்சே. மறுநாள் விக்கிரமங்கலத்துல ஒரு வீட்டு அஸ்திவாரத்துக்குக் கல்லு இறக்கியாகணும். காய்ச்சி வளைங்க, தண்ணியில விடுங்க, இடது பக்கம் மட்டும் போதும்னு குதிச்சேன்.

"காய்ச்சித் தண்ணியில விட்டா இரும்பு வெறைச்சுக்கும் தம்பி. தாங்குற மாதிரி தெரியும். ஒரு நேரம் பட்டுனு முறிஞ்சிடும்"னாரு.

எனக்குத் தொழில் கத்துக் குடுக்க வேணாம்னு சொல்லிட்டேன். அவரும் நான் சொன்னபடியே செஞ்சு குடுத்தாரு.

மறுநாள் காலையில குவாரியில வழக்கமான பாரம் ஏத்தியாச்சு. வண்டி கொஞ்சங்கூடப் படுக்கல. ரஞ்சன்குடிக் கோட்டை மாதிரி நிக்குது பாத்தியான்னு எனக்குப் பெருமை தாங்கல. என் பொண்டாட்டி கைய விட்டுப் பார்த்தா, ஒரு சாண் இடம் இருக்கு. இன்னும் ஏத்துன்னேன். ஏத்தினோம். மறுபடி அளந்தா, மறுபடியும் இடம். அப்பதான் அவ தயங்குனா. புதுப் பட்டை போட்டதுல வண்டி படுக்கவே மாட்டேங்குது, இனிமே இந்த அளவு பொய்யி, போதுங்க, கிளம்பலாம்னா. எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. அத்தனை பேரு முன்னாடி பொம்பள சொல்லி நான் கேக்குறதா?

"உன்னை அளக்கத்தான் சொன்னேன், யோசனை சொல்லச் சொல்லல. கைய விட்டுப் பாருடி"ன்னேன்.

குத்த வச்சுக் கைய விட்டா. நான் மேல நின்னுக்கிட்டு இடது பக்கம் இன்னொரு கல்லைப் போட்டேன்.

படார்னு ஒரு சத்தம். டயர்தான் வெடிச்சிடுச்சுன்னு நெனச்சேன். கீழ பார்த்தா, அவ குத்த வச்சபடியே இருக்கா, வாய் தொறந்திருக்கு, சத்தம் வரல. காய்ச்சின பட்டை ரெண்டும் முறிஞ்சு, மொத்தப் பாரமும் விழுந்ததுல பழைய பட்டையும் முறிஞ்சு, தொட்டி டயர் மேல உக்காந்துடுச்சு. நடுவுல அவ கை.

ஜாக்கி சீட்டுக்கு அடியில இருக்குன்னு தெரியும். எடுத்தும் எடுத்துட்டேன். எடுத்து வச்சுக்கிட்டு வண்டியச் சுத்திச் சுத்தி ஓடுறேன், எங்க வைக்கணும்னு புத்தியில ஏறல. குவாரி ஆளுங்க மேல ஏறிக் கல்லை அள்ளி வீசினாங்க. ஒருத்தர் என் கையிலேருந்து ஜாக்கியப் புடுங்கித் தொட்டியத் தூக்கினாரு. வெளிய வந்த கையில நாலு விரலும் விரலா இல்ல. திருச்சி ஆஸ்பத்திரியில ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. மிச்ச ரெண்டும் மடங்காது.

ஆஸ்பத்திரி வாசல்ல தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன். அவ என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டல. அது எனக்கு ஆறுதலாக்கூட இருந்துச்சு, வெக்கங்கெட்டவன். மனசுல ஒண்ணும் வச்சுக்கல, மன்னிச்சுட்டான்னு நெனச்சுக்கிட்டேன்.

நாலஞ்சு மாசம் கழிச்சு அதே பட்டறைக்காரர்கிட்டயே போயி, புதுப் பட்டையா ரெண்டு பக்கமும் சமமாக் கட்டிக்கிட்டு வந்தேன். இந்தத் தடவை ரெண்டு நாளும் வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். முதல் பாரத்துக்கு அவளும் வந்தா. நீ எதையும் தொடாத, சும்மா உக்காருன்னு சொல்லிட்டு, ஏத்தி முடிச்சதும் தண்ணி குடிக்கப் போனேன்.

சொம்போட திரும்புறேன். பின் டயர்கிட்ட குத்த வச்சு, இடது கைய உள்ள விட்டுக்கிட்டிருக்கா.

சொம்பு எங்க விழுந்துச்சுன்னு தெரியல. ஓடிப்போயி அவ கையப் புடிச்சு இழுத்தேன். யாருடி உன்னை அளக்கச் சொன்னதுன்னு கத்தினேன்.

அவ ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு, பின்னால நகர்ந்து நின்னா.

"அளக்கலைன்னா திட்டுவீங்களே"ன்னா.