வயிற்றுத் தோல் பந்து

நான் வாயைத் திறக்காமல் நின்ற ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் நான் தோல் வெட்டினேன். என் தோஸ்த் ஏசுபாதம் தைத்தான். எங்கள் துரை மெட்ராஸில் ஒரு கிளப்புக்காக ரக்பி ஆடுவார். முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அங்கே நடக்கிற கோப்பைப் போட்டியில் ஒருமுறை தோற்றால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். இரண்டு சுற்று ஜெயித்தவர், கடைசி ஆட்டத்துக்கு எங்களிடம் புதுப் பந்து கேட்டார்.

மாட்டுத் தோலில் இழுபடாதது முதுகுத் தோல்தான். ஆனால் அது கப்பலுக்குப் போகிற சரக்கு. மண்ணில் புரள்கிற பந்துக்கு அது எதற்கு என்று, இழுபடுகிற வயிற்றுத் தோலை வெட்டிக் கொடுத்தேன்.

"இன்னாப்பா, தொளதொளன்னு கீது?" என்றான் ஏசுபாதம்.

"ஒண்ணும் ஆவாது, தெய்யி."

ஆட்டத்தன்று மழை. பந்து தண்ணீரில் ஊறி, தோல் இழுபட்டு உப்பி, பாதி ஆட்டத்தில் தையல் விட்டுப்போனது. தோற்று வந்த துரை அதை எங்கள் முன்னால் எறிந்தார்.

"யார் தையல் இது?"

ஏசுபாதம் என்னைப் பார்த்தான். நான் குனிந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"என் தையல்தாங்க, தொரை."

அன்றே அவன் வேலை போயிற்று.

பல வருஷம் கழித்து, அரக்கோணம் ஸ்டேஷன் வாசலில் செருப்பு தைத்துக்கொண்டிருந்தான். அறுந்த என் செருப்பு வாரைத் தைத்துவிட்டு, அடித்தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.

"முதுகுத் தோலு. உனுக்குன்னா நல்லாப் பாத்துதான் வெட்டிக்கினுகீற."

அந்தச் செருப்பு இன்னும் தேயவே மாட்டேன் என்கிறது.