மை படாத தேன்பலா

என் சின்னம்மா இருசாயி மரம் ஏறுவதில் கெட்டிக்காரி. சித்தப்பா இறந்த பிறகு மலைமேல் எங்கள் வாழவந்தி நாட்டில் அவளுக்கு மிஞ்சியது ஒரு துண்டுத் தினைக்காடும் தேன்பலா என்று பேர்பெற்ற ஒரு மரமும்தான். எங்கள் பக்கம் பாகம் பிரிக்கும்போது நிலம் ஒருவருக்கும் அதில் நிற்கும் பலா இன்னொருவருக்கும் போவதுண்டு. தேன்பலா நின்றது பொன்னன் மாமாவின் காட்டில். பழமும் அதில் படர்ந்த மிளகும் சின்னம்மாவுக்கு.

பக்கத்துக் காட்டில் மரம் வெட்ட வந்திருந்த மரக் கான்ட்ராக்டரின் ஆட்கள் மாமாவின் எல்லைக்கல்லைப் பிடுங்கி நகர்த்தியதை அந்த மரத்தின் மேலிருந்துதான் அவள் பார்த்தாள். மாமா தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தார். வேறு சாட்சி இல்லை.

"எம் பேரு வெளிய தெரியாதுன்னா சொல்றேனுங்க" என்றாள்.

விசாரணை அதிகாரி ஒத்துக்கொண்டார். இரு தரப்புக்கும் கொடுக்கும் வாக்குமூல நகல்களில் அவள் பெயர், புருஷன் பெயர், ஊர் எல்லாவற்றின் மேலும் சேந்தமங்கலத்துக் குமாஸ்தா அர்த்தனாரி கறுப்பு மை பூசினார். எழுத்து தெரிகிறதா என்று வெயிலில் தூக்கிப் பிடித்தும் பார்த்தாராம். 'தேன்பலாவில் மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது' என்ற வரியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டுக்காரருக்கு அது வெறும் மரம்.

செம்மேட்டுச் சந்தையில் கான்ட்ராக்டரின் ஆள் ராசப்பன் அவளை மறித்தான்.

"ஏனுங்க அக்கா, தேன்பலா மேல இருந்து பார்த்தா ஊரே தெரியுமாமே? கண்ணு நல்லாத்தான் இருக்குது. காலு வழுக்காம பார்த்துக்கங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் மிளகுக்கொடி அடியோடு வெட்டுப்பட்டுக் கிடந்தது.

சேலத்தில் பி.ஏ. முடித்து நான் ஊர் வந்தது அந்தச் சமயத்தில்தான். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம். மாமாவிடம் இருந்த நகலைப் படித்ததும் அந்த வரி உறுத்தியது. ஆனால் மைப்புட்டியை முதலில் என் கையில் கொடுத்திருந்தால்? மறைக்க வேண்டியது பெயர்தான் என்று எனக்கும் தோன்றியிருக்குமோ என்னவோ.

"அர்த்தனாரிகிட்டப் பேசி அந்த வரியையும் அழிக்கச் சொல்றேன் சின்னம்மா."

வெட்டுப்பட்ட கொடியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "எதக் கண்ணு அழிப்பாரு? மரத்தையா?"

அடுத்த விசாரணைக்கு நேரில் வந்து சொன்னால்தான் வாக்குமூலம் நிற்கும் என்று ஆபீசிலிருந்து தாக்கல் வந்தது. அவள் போகாவிட்டால் மாமாவின் காடு போய்விடும். போனால், திரும்பி வரவேண்டியது கான்ட்ராக்டரின் லாரி ஓடும் பாதையில். வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவள் முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"இனி ஒளிய என்ன இருக்குது? பேரச் சொல்லியே சொல்லிட்டு வாரேன். நீ வாரியா, ஊட்டுலயே இருக்கியா?"

கூடப் போனேன். மலையிறங்கும் வழியில் லாரிச் சத்தம் கேட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்தவன் நான்தான்.