திதி தெரியாத மரணம்

எண்பதுகளின் நடுவில், பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் மெற்றோ நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் ஆறாம் மாடியில் நாங்கள் நால்வர் ஓர் அறையில் இருந்தோம். வெள்ளி மாலைகளில் அலுமாரித் தட்டிலிருந்த வேலவன் படத்துக்கு விளக்கேற்றிப் பதிகம் பாடுவோம். பாடி முடிந்ததும், வந்தவர் யாராயினும், அவர் நெற்றியில் திருநீறு இட்டுச் சுண்டல் கொடுப்பது மூத்தவனாகிய என் பணி.

ஐந்தாம் மாடியில் தனியே வாழ்ந்த முதியவர் ஒருவர் பாட்டைக் கேட்டு மேலே வரத் தொடங்கினார். எங்கள் நாட்டவர் அல்லர். தமிழில் ஒரு சொல்லும் அறியார். ஆயினும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் கண்மூடி அமர்வார். அந்த அமைதியைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். முதல் திருநீற்றை அவருக்கே இட்டேன்.

“அண்ணை, உங்கடை அடியார் வந்திட்டார். கடலை அவியிற மணம் கீழை போனாக் காணும்,” என்பார் அறைத் தோழர் ஒருவர்.

“சும்மா இரும். அந்த மனுசன் உம்மைவிட ஒழுங்காக் கும்பிடுது.”

வதிவிடத் தாளைப் புதுப்பிக்கப் பிரெஃபெக்ச்சர் என்ற அரச அலுவலக வாசலில் ஒரு காலை அவரும் நானும் ஒரே வரிசையில் நின்றோம். அங்கேதான் தம் கதையைப் பிரெஞ்சில் சொன்னார். தம் நாட்டில், தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் ஊழியராகத் தொடங்கியவர். ஒட்டுக்கேட்ட பேச்சைத் தாளில் எழுதாமல், மனத்தில் பதித்து அப்படியே ஒப்புவிக்கும் திறமை அவரை அதிபரின் அருகில் கொண்டுசென்றது. சில ஆண்டுகளில் நாட்டின் பாதுகாப்புத் துறை முழுவதும் அவர் கையில் இருந்தது.

“ஒரு பெயரையும் ஒரு நாளையும் நான் மறந்ததில்லை,” என்றார்.

வீழ்ச்சியையும் அதே குரலில் சொன்னார். ஒருநாள் அலுவலக வாயிற்காவலன் அவருக்குச் சல்யூட் அடிக்கவில்லை. உள்ளே போகாமல் காரைத் திருப்பி, எல்லையைக் கடந்துவிட்டார். அவ்வளவும் அறிந்த ஒருவன் உயிரோடு இருப்பதை அதிபர் விரும்பவில்லையாம். சீருடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிய நாட்டிலிருந்து ஓடிவந்த நான், ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை ஏதோ ஓர் உத்தியோகம் போலக் கேட்டுத் தலையாட்டினேன்.

நான் துப்புரவு வேலை செய்த விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளும் அந்த முதியவரின் நாட்டவள். வேலையிடத்தில் நான் மறந்துவிட்ட கதவுத் திறப்பைக் கொடுக்க ஒரு வெள்ளிக்கிழமை மாடியேறி வந்தாள். முதியவர் வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கைப்பிடிச் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அவர் இறங்கிப் போனபின் சொன்னாள். அவள் கணவனைக் கொண்டுபோனவர்கள் இவருடைய ஆட்கள். உடல் கிடைக்கவில்லை, செய்தியும் இல்லை.

“என் கணவருக்காக மெழுகுதிரி ஏற்றினால், நானே அவரைக் கொன்றதுபோல இருக்கிறது. ஏற்றாவிட்டால் கைவிட்டதுபோல. அவர் இறந்தது எந்த நாள் என்று மட்டும் கேட்டுத் தாருங்கள்.”

கணவனின் பெயரை ஒரு தாளில் எழுதித் தந்தாள்.

எப்போதும் பகிடி பேசும் அறைத் தோழர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவருடைய தம்பியை ஊரில் இராணுவம் கொண்டுபோயிருந்தது. தாளை என்னிடமே திருப்பித் தந்தார்.

“அவரிட்டைக் கேளுங்கோ அண்ணை. தம்பிக்கு அம்மா இன்னும் துவசம் செய்யேல்லை. திதி தெரியாது எண்டு அழுறா.”

மறுநாள் ஐந்தாம் மாடிக்குப் போய்ப் பெயரைச் சொன்னேன்.

“நினைவில்லை,” என்றார்.

அடுத்த வெள்ளி வழக்கம்போல வந்து அமர்ந்தார். பாடி முடித்தோம். முன்னே வந்து தலை குனிந்தார். திருநீற்றுத் தட்டு என் இடக்கையில் இருந்தது, வலக்கை எழவில்லை.

“எந்த நாள்?” என்றேன்.

குனிந்த தலையோடு அவர் அந்தக் கணவனின் முழுப்பெயரைச் சொன்னார், ஆண்டைச் சொன்னார், மாதத்தையும் நாளையும் சொன்னார். முற்பகல் என்றார். இடையில் ஒருமுறைகூடத் தயங்கவில்லை.

பிறகும் குனிந்தபடியே நின்றார். நான் தட்டை அவர் முன் நீட்டினேன். என் விரலால் இடவில்லை. இத்தனை மாதமும் நெற்றியைக் காட்டி மட்டுமே பழகியவருக்கு அதைத் தாமே எடுத்துப் பூசத் தெரியவில்லை. சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். அதன்பின் அவர் மேலே வரவில்லை.

நான் போய்ச் சொன்னதும் அவள் தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றினாள். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த நாளின் திதியைக் குறித்துவைத்தேன். ஆண்டுதோறும் அன்று ஒரு விளக்கு ஏற்றுகிறேன்; அறைத் தோழரின் தம்பிக்கும் சேர்த்துத்தான்.

இறைவனின் நீற்றை ஒரு பதிலுக்கு விலையாக வைத்தேன். அது என் பிழை. அதற்காகப் பலமுறை அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அந்த விளக்கை ஏற்றும் நாளில் மட்டும் கேட்பதில்லை.