கூரைக்கு விலை போட்ட நாள்

எங்கள் வீட்டுக் கூரை என்ன விலை பெறும் என்று எனக்கு ஒன்பது வயதாகும்வரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கூரைக்கு விலை என்று ஒன்று இருக்கும் என்றே யாரும் நினைத்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பண்ணையிலிருந்து ஒரு வண்டி வைக்கோலும் நாலைந்து மூங்கிலும் வந்து தெருவில் இறங்கும். அப்பா பழையதைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வேய்வார். வானத்திலிருந்து மழை வருகிற மாதிரி பண்ணையிலிருந்து கூரை வரும். அவ்வளவுதான்.

மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி இருந்தது எங்கள் தெரு. அங்கிருந்த எல்லா வீட்டுக்காரர்களும் அந்த ஒரே பண்ணையில் நடவும் அறுப்பும் பார்த்தவர்கள். அந்த வருஷம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கம் கொடி கட்டியிருந்தது. குடியிருக்கிற மனையை விட்டு யாரையும் கிளப்பக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்ததால் பெரியவர்களுக்குக் கொஞ்சம் தைரியமும் வந்திருந்தது. ஆனால் சட்டம் தரைக்குத்தான் வந்திருந்தது, கூரைக்கு வரவில்லை. எங்கள் கூரையோ ஆடிக் காற்றிலேயே வாய் பிளந்துவிட்டது. படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கலாம். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை நான் வெளியில் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணைக் காரியக்காரர் சைக்கிளில் வந்து, எங்கள் வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றார். எங்கள் தெருவில் அவர் சைக்கிளை விட்டு இறங்குகிற வழக்கம் கிடையாது. அவரைக் கண்டதும் அப்பாவின் தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்குப் போனது.

“என்னடா, கூரை பல்லைக் காட்டுது? போர்ல வைக்கோல் கெடக்கு. சொன்னா வண்டி அனுப்பறேன்.”

“சரிங்கய்யா…”

“குறுவை அறுப்புக்குப் பழைய கூலிக்கு வந்துடணும். நீ வந்தா மத்தவனும் வருவான். புதன்கிழமைக்குள்ள சொல்லு.”

சைக்கிள் போன பிறகு அப்பா வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஐப்பசி பொறந்தா மழை புடிச்சிக்கும். புள்ளைய வச்சிக்கிட்டு எங்க ஒதுங்குறது?” என்றார்.

“அந்த வைக்கோல் வேணாங்க” என்றாள் அம்மா. “நாமளே போட்டுக்கலாம்.”

“நாமளேவா? எவ்வளவு ஆவும்னு தெரியுமா உனக்கு?”

“உங்களுக்குத் தெரியுமா?”

அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்த அத்தை, சிரித்தேவிட்டாள். “ஊர்ல பாதிக் கூரை எங்கண்ணன் வேய்ஞ்சது. ஒரு கூரை என்ன வெலன்னு கேட்டா முழிக்குது பாரு அண்ணி! ஏ குட்டி, சிலேட்டை எடுத்தா. நாலாங்கிளாஸ் படிக்கிறியே, கணக்குப் போடு.”

வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலையும் விழுங்கிவிடுகிற பெண் நான். சத்தமாகச் சொல்லத்தானே வெட்கம், எழுத என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டு, சிலேட்டில் நடுக்கோடு இழுத்து ‘பொருள்’, ‘விலை’ என்று எழுதினேன். பொருளின் கீழே முதலில் ‘வைக்கோல்’. விலை எவ்வளவு என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாம எப்ப வாங்குனோம் அதை? அழிச்சுட்டுக் கீத்துன்னு எழுது” என்றாள் அம்மா.

தென்னங்கீற்று விலை அத்தைக்குத் தெரிந்திருந்தது. சந்தைக்கு முட்டை கொண்டுபோகிறவள். முடைந்த கீற்று நூறு எட்டு ரூபாய் என்றாள். எங்கள் கூரைக்கு நானூறு வேண்டும் என்றார் அப்பா. முப்பத்திரண்டு என்று நான் எழுதியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“முடைஞ்சதை எதுக்கு வாங்கணும்?” என்றாள் அம்மா. “பச்சை மட்டையா வாங்கி, வாய்க்கால்ல ஊறப்போட்டு நாமளே முடைஞ்சா?”

மட்டை நூறு ஐந்து ரூபாய். ஒரு மட்டையை நடுவில் பிளந்தால் இரண்டு கீற்று. ஆக இருநூறு மட்டை, பத்து ரூபாய். இப்போது அப்பாவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து போய் ஒவ்வொரு மூங்கிலாகத் தட்டிப் பார்த்துவிட்டு, “மூணுதான் உளுத்துருக்கு, மத்ததெல்லாம் தாங்கும்” என்றார். அதற்கு ஒன்பது. கயிறு இரண்டரை. வண்டிச் சத்தம், அதாவது வாடகை, ஐந்து. பல வருஷம் கழித்து என் மகன் வீட்டுக்குத் தளம் போட எஞ்சினியர் கொடுத்த எஸ்டிமேட் நாலு பக்கம் இருந்தது. அதிலும் கூட எங்கள் சிலேட்டுக் கணக்கைப் போல இண்டு இடுக்கு பார்த்திருக்க மாட்டார்கள்.

“இருபத்தாறு ரூபா அம்பது காசு” என்று படித்தேன்.

“திரும்பப் படி” என்றாள் அம்மா.

படித்தேன்.

“சரியாக் கூட்டுனியா?”

விரலை மடக்கி மறுபடியும் கூட்டினேன். அதேதான் வந்தது. அம்மா யாரையும் பார்க்காமல், “இவ்வளவுதானா?” என்றாள்.

அத்தை விடவில்லை. “குட்டி, இன்னொண்ணு போடு. உங்கம்மா தெனம் விடியக்காலையில பண்ணை மாட்டுக்கொட்டாயைக் கூட்டி அள்ளுறாளே, ஒரு காலைக்கு நாலணா வச்சுக்க.”

“அதுக்கு ஏது கூலி? அதுக்குத்தானே கூரை போட்டுக் குடுக்குறாங்க” என்றார் அப்பா.

“அதைத்தான் போடச் சொல்றேன்.”

சிலேட்டில் இடம் போதவில்லை. ஒரு பக்கத்தை எச்சில் தொட்டு அழித்துவிட்டுப் பெருக்கினேன். வருஷத்துக்குத் தொண்ணூற்றொரு ரூபாய் இருபத்தைந்து காசு. கூரைக்குக் கூரை இரண்டு வருஷம், நூற்று எண்பத்திரண்டரை.

சொல்லி முடித்ததும் அத்தை என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கினாள். அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தை விசாரிக்கப் போனார்.

புதன்கிழமை காரியக்காரரிடம், “கூரை நாங்களே போட்டுக்கறோம்ங்க” என்று அப்பா சொன்னபோது துண்டு தோளில்தான் இருந்தது. அதை நான் பார்த்தேன். வீட்டில் வளர்த்த கிடாக்குட்டி இருபது ரூபாய்க்குப் போனது, மீதி ஆறரை அத்தையின் முட்டைக் காசு. ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஏறிவிட்டது. ஒரே ஒரு மூலை மட்டும் ஒழுகியது, அந்த மூலைக்குக் கீற்று முடைந்தது நான். அதற்குள் தெருவில் எட்டு வீட்டுக்காரர்கள், “எங்க வூட்டுக்கும் போட்டுக் குடு தாயி” என்று என் சிலேட்டைத் தேடி வந்துவிட்டார்கள். பழைய கூலிக்கு அந்தத் தெருவிலிருந்து யாரும் அறுப்புக்குப் போகவில்லை. கேட்டதில் பாதியாவது பண்ணை கூட்டிக் கொடுத்த பிறகுதான் அரிவாள் வயலில் இறங்கியது.

ஆனால் கணக்குப் போட்ட மறுநாள் காலையில் நான் செய்த காரியம்தான் இன்னும் மனசில் நிற்கிறது. கண் விழித்தால் விடிந்திருந்தது, அம்மா பக்கத்திலேயே படுத்திருந்தாள். அந்த நேரத்தில் அவளைப் பாயில் நான் பார்த்ததே இல்லை.

“அம்மா, கொட்டாய்க்கு நேரமாச்சு.”

“ஆவட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. ஆனாலும் உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது, போகாவிட்டால் காரியக்காரர் திட்டுவார் என்று பயந்து, சத்தம் போடாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நானே பண்ணைக்குப் போய்விட்டேன். பாதிக் கொட்டகை கூட்டியிருப்பேன். தலைமுடி அவிழ்ந்து தொங்க அம்மா ஓடிவந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வரப்பு வழியே நடந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

கணக்கை எங்கேயோ தப்பாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று வீடு வந்து சேரும்வரை மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன்.